தம்புசாமிக்கு வந்த மலர்வளையம்

'உன் அப்பாவின் மறைவுச் செய்தி கேட்டு மிகவும் வருந்துகிறேன். தைரியமாக இரு.'

கைப்பேசியில் இந்த வரியை வாசித்தபோது ஷாமினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மறைந்துபோன அப்பா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கொண்டிருந்தார்.

போன வாரம் இந்த வீட்டில் நடந்த சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றுதான் வாசலை மிதிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கிள்ளான், மேரு சாலையை ஒட்டிய வரிசை வீடு. தம்புசாமி துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டியே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்தவன் யுகேந்திரன் கார் விற்கிறான். இளையவள் ஷாமினிக்குப் பகலில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் சுபாங் ஜெயாவில் ஒரு சின்ன பப்பில் கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடுகிறாள். கூட வாசிக்க ஆள் கிடையாது. அவள், ஒரு மைக், காலடியில் அவள் வாசித்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கிற ஒரு பெடல், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பப்பில் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? பந்தாட்டம் பார்க்க வருவார்கள். பாதிப் பாட்டில், 'சிஸ்டர், வால்யூமைக் குறைங்க, மேட்ச் ஓடுது' என்பார்கள். அதையும் சகித்துக்கொண்டு எட்டு மாதம் பாடியவளுக்கு, முதலாளி லியோங் ஞாயிறு மாலை ஐந்து மணியைத் தூக்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பாட்டுக் கேட்க வருகிறவர்கள். இன்று முதல் தடவை. நன்றாகப் போனால் இனி எல்லா ஞாயிறும் அவளுடையது. சொதப்பினால் அடுத்த ஆள் காத்திருக்கிறான்.

அதே ஞாயிறன்றுதான் யுகேந்திரனின் வருங்கால மாமனார் மாமியார் வீடு பார்க்க வருகிறார்கள். அவன் இரண்டு வருடமாகக் காதலிக்கும் கௌசலா, பிரிக்ஃபீல்ட்ஸ் சிலோன்காரக் குடும்பம். அப்பா சிவேந்திரன் ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். 'லோரி டிரைவர் வீடுன்னு ஏற்கெனவே யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க. தங்கச்சி பப்புல பாடுறான்னு தெரிஞ்சா முடிஞ்சுது' என்று யுகேந்திரன் குதித்தான். அவள் பதிலுக்குக் குதித்தாள். கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார்: வருகிறவர்கள் இரண்டு மணிக்கு வருகிறார்கள், நாலு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள், அதுவரை ஷாமினி வீட்டில் இருக்கட்டும், பிறகு பாடப் போகட்டும்.

யுகேந்திரன் உடனே தலையாட்டினான். அவன் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்ன மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். செய்தியை அனுப்பியவர் பப்புக்கு வருகிற ஒருவர். பப்பின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவளுடைய படம் போட்ட விளம்பரத்தைக் காணோம். 'இன்று மாலை ஐந்து மணிக்கு பிரவின் பாடுகிறார். தந்தையை இழந்து வாடும் எங்கள் ஷாமினிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.' கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

யுகேந்திரன் வாசலில் கார் நிறுத்தும் இடத்தைக் கழுவிக் கொண்டிருந்தான். வேலையென்றால் ஓடி ஒளிகிறவன் இன்று விழுந்து விழுந்து தேய்த்தான்.

"அண்ணே, அப்பா செத்துட்டாருன்னு யாரு சொன்னது?"

அவன் நிமிரவில்லை. "மெதுவா பேசு."

"யாரு சொன்னதுன்னு கேட்டேன்."

"நான்தான். நேத்து லியோங்குக்கு மெசேஜ் போட்டேன். காய்ச்சல்னு சொன்னா அவன் உனக்குப் போன் பண்ணிக் கேப்பான். சாவுன்னா யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"அதுக்கு அப்பாவையா?"

"வேற யாரைச் சொல்றது? தாத்தா பாட்டியெல்லாம் ஏற்கெனவே போயிட்டாங்க லா."

அவனை அறைந்துவிடலாம் என்று அவளுக்குக் கை பரபரத்தது. எப்படிப் பேசுகிறான் பாருங்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இந்தக் கடையில் இல்லையென்று அடுத்த கடைக்குப் போனவனைப் போல.

"நாலு மணிக்கு மேல நான் போறதாத்தானே பேச்சு?"

"அவங்க நாலு மணிக்கு எழுந்திருப்பாங்கன்னு யாரு சொன்னா? சாப்பிட்டுட்டுப் போங்கன்னு அம்மா சொல்லுவாங்க. நீ அவங்க கண்ணு முன்னால கிட்டாரைத் தூக்கிட்டுப் போவ. எங்க போகுதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"லியோங் கிளம்பி வீட்டுக்கே வந்துட்டாருன்னா? தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனவரு. வீடு தெரியும் அவருக்கு."

"வரமாட்டாரு. அவரு மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். வீட்டுல கல்யாணம் வெச்சிருக்கிற சீனவங்க சாவு வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க. எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணேன்."

யோசித்துத்தான் பண்ணியிருக்கிறான். ஒரு காரை விற்க எத்தனையோ பேரிடம் அளந்து பேசுகிறவன், பெற்ற அப்பாவுக்கு நாள் குறிப்பதையும் அதே கவனத்தோடு செய்திருக்கிறான்.

அவள் லியோங்கைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுவதற்குள் வெள்ளி நிறக் கார் ஒன்று கேட்டருகே வந்து நின்றது. உள்ளேயிருந்து அம்மா தனலெட்சுமி, "ஷாமி, வந்துட்டாங்க, வா வா" என்று குரல் கொடுத்தாள். அப்பா புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. இதை இப்போது அவரிடம் எப்படிச் சொல்வது?

"அவங்க கெளம்பின அடுத்த நிமிஷம் நீயே லியோங்குக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்ற" என்று அண்ணனின் காதில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இல்லேன்னா நான் அப்பாகிட்டச் சொல்லிடுவேன்."

"சரி சரி, டீயைப் போடு போ."

சிவேந்திரன் உயரமான மனிதர், குரலைத் தாழ்த்தியே பேசினார். மனைவி மீனலோசனி சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். துறைமுகத்தைப் பற்றியும் பழைய ரயில் பாதையைப் பற்றியும் இரண்டு அப்பாக்களும் நன்றாகவே பேசினார்கள். ஷாமினி தேநீர்த் தட்டை நீட்டினாள். உள்ளே அவளுக்குக் கொதித்த கொதிப்பில் தேநீர் ஆறாமல் இருந்தது ஆச்சரியமில்லை.

"பிள்ளை என்ன செய்யிறீர்?" என்று சிவேந்திரன் அவளைக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் யுகேந்திரன் முந்திக்கொண்டான். "மியூசிக் டீச்சர், அங்கிள். சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குது."

சிவேந்திரன் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்படியோ" என்றார்.

வெளியே ஒரு வேன் நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்கு ஏதோ சாமான் வந்திருக்கிறது என்று நினைத்து அப்பாதான் முதலில் எழுந்து போனார்.

வேனிலிருந்து இரண்டு பேர் ஒரு மலர்வளையத்தை இறக்கினார்கள். ஆள் உயரத்துக்கு மூங்கில் கால் வைத்து, வெள்ளையும் மஞ்சளுமாகச் சாமந்தி அடைத்தது. நடுவில் பெரிய எழுத்தில் பெயர். பக்கத்தில் லியோங் நின்றார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, குனிந்த தலை. கேட் திறந்துதான் கிடந்தது, அவர் உள்ளே கால் வைக்கவில்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதை அவர் மறக்கவில்லை. வராமல் இருக்கத்தான் அவரால் முடியவில்லை. யுகேந்திரன் யோசித்து வைத்த கணக்கில் மனுஷன் என்று ஒருவன் இருப்பான் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

"மிஸ்டர் லியோங், வாங்க வாங்க" என்று அப்பா மலாயில் வரவேற்றார். "யாருக்கு இது?"

லியோங் தலையை நிமிர்த்தினார். அப்படியே இரண்டடி பின்னால் போனார். "உங்களுக்குத்தான்" என்றார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அப்பா குனிந்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்தார். பெயருக்கு முன்னால் போட்டிருந்ததையும் படித்தார். அதற்குள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"காலஞ்சென்ற திரு. தம்புசாமி..." என்று மீனலோசனி தன்னை அறியாமல் வாய்விட்டு வாசித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பாவி சொன்னது? குத்துக்கல்லு மாதிரி நிக்கிற மனுஷனை எவன் வாயி அப்படிச் சொன்னது?"

ஷாமினி அண்ணனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வான் என்றுதான் பார்த்தாள்.

யுகேந்திரன் சொன்னான். "ஏன் ஷாமி, லீவு போடுறதுக்கு உனக்கு வேற பொய்யே கிடைக்கலியா?"

கேட்டவுடன் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். தாங்கிக்கொள், அப்புறம் சரிபண்ணுகிறேன் என்கிற கெஞ்சல். சின்ன வயதிலிருந்து அவன் உடைத்ததற்கெல்லாம் அவள் திட்டு வாங்கிய வீடு இது. இதையும் வாங்கிக்கொள்வாள் என்று நம்பினான்.

லியோங் மட்டும் அவளை அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால், வாங்கிக்கொண்டும் இருப்பாளோ என்னவோ.

"கேர்ள், நீயா சொன்ன?" என்று அவர் கேட்டார். "என் வைஃப் போகாதேன்னு அழுதா. மகள் கல்யாணம் இருக்குன்னா. நான் வந்தேன். நீ நம்ம ஆளுன்னு வந்தேன்."

எட்டு மாதச் செவ்வாய்க்கிழமைகள் அந்த ஒரு பார்வையில் அடித்துச் செல்லப்படுவதை ஷாமினி கண்டாள்.

"மிஸ்டர் லியோங், உங்களுக்கு வந்த மெசேஜை எங்க அப்பாகிட்டக் காட்டுங்க."

"ஷாமி, வேணாம்" என்றான் யுகேந்திரன்.

"காட்டுங்க."

லியோங் கைப்பேசியை நீட்டினார். மேலே 'ஷாமினி அபாங்' என்று பெயர் போட்டு வைத்திருந்தார், ஷாமினியின் அண்ணன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். தூக்கத்திலேயே போய்விட்டார், வலி எதுவும் தெரியாமல் போய்விட்டார், தங்கை யாரிடமும் பேசும் நிலையில் இல்லை, தயவுசெய்து அழைக்க வேண்டாம். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வலி இல்லாமப் போயிட்டேனா?" என்று மகனைக் கேட்டார். "அதுவரைக்கும் நல்ல மனசுதான் உனக்கு."

"அப்பா, நான் வந்து..."

அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை. சிவேந்திரனைப் பார்த்துக் கை கூப்பினார். "ஐயா, நீங்க மாப்பிள்ளையோட அப்பாகிட்டப் பேச வந்தீங்க. அவரு நேத்தே செத்துட்டாராம். செத்தவன் எப்படிச் சம்பந்தம் பேசுறது? டீயைக் குடிச்சிட்டுப் போங்க. மத்ததை நீங்க இவன்கிட்டயே பேசிக்குங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவேந்திரன் கார் சாவியை எடுத்தார். "பிறகு கதைப்பம்" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. யுகேந்திரன் கார் வரைக்கும் கூடவே ஓடினான். கண்ணாடி இறங்கவில்லை.

லியோங் மலர்வளையத்தை வேனில் ஏற்றச் சொன்னார். பிறகு ஷாமினியிடம் வந்தார், இப்போது கேட்டுக்கு உள்ளேயே வந்தார்.

"நேத்து என் கஸ்டமர் எல்லாரும் கிளாஸைக் கீழ வெச்சுட்டு உன் அப்பாவுக்காக எழுந்து நின்னாங்க. நான்தான் நிக்கச் சொன்னேன். இப்ப அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? ஆறு மணி வரைக்கும் பிரவின் பாடுவான். அதுக்கப்புறம் நீ வா. நீயே மைக்கில சொல்லு. சொல்லிட்டுப் பாடு. உன் ஞாயித்துக்கிழமை உனக்கு உண்டா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம்."

வேன் போனதுதான் தாமதம், அம்மா பிடித்துக்கொண்டாள். மகனை என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை.

"அவன் புத்தி கெட்டுப் பொய் சொன்னான். சரி. நீ அதை அவங்க முன்னால போட்டு உடைக்கணுமா? அவங்க போற வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு?"

"நான் அப்பாவைச் சாகடிச்சேன்னு சொல்றாம்மா. நான் ஆமான்னு நிக்கணுமா?"

"நின்னா என்ன குறைஞ்சா போயிடுவ? அவனுக்குக் கல்யாணம். உனக்கு என்ன, ஒரு பாட்டு."

ஒரு பாட்டு! ஷாமினி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் திரும்பி வர முடியாத அளவுக்குப் பேசிவிடுவாள். கிட்டாரை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறை வாசலில் நின்றாள். "அப்பா, போயிட்டு வரேன்" என்றாள். போ என்றோ போகாதே என்றோ ஒரு சத்தமும் வரவில்லை. அந்த மௌனத்தின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்கு ஒரு வார்த்தை இருந்ததே, எனக்கு ஒன்று கூடவா இல்லை?

கேட்டருகே யுகேந்திரன் வழிமறித்தான். கண் சிவந்திருந்தது.

"போ. ஆனா அங்க என் பேரைச் சொல்லாத. ஒரு மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்னு சொல்லிடு, போதும். கௌசலா சொந்தக்காரங்க யாராவது அந்தப் பேஜைப் பாப்பாங்க. ப்ளீஸ் லா, ஷாமி."

"தள்ளு" என்றாள்.

பப்புக்கு வெளியே வெயில் இன்னும் மிச்சமிருந்தது. உள்ளே மேசைகள் நிறைந்திருந்தன. அவள் எட்டு மாதம் கனவு கண்ட கூட்டம், மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்த கூட்டம். அவள் கதவைத் திறந்ததும் பிரவின் பாட்டை முடித்துக்கொண்டு இறங்கினான். "சாரி, ஷாமினி. நீ இன்னிக்கே வருவேன்னு நினைக்கல" என்று அவள் கையைப் பிடித்தான். ஒரு சீனப் பெண்மணி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். யாரோ தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அவளுக்கு அடி மாதிரி விழுந்தது. இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றியிருக்கிறான் என் அண்ணன்.

கிட்டாரை மாட்டினாள். கம்பியை இழுத்துச் சுருதி பார்த்தாள். பெடலைக் காலால் நகர்த்தி வைத்தாள். கவுன்டருக்குப் பின்னால் லியோங் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மிஸ்அண்டர்ஸ்டேண்டிங். ஒரு சொல்தான். சொன்னால் வீட்டுக்கும் நல்லது, லியோங்குக்கும் நல்லது.

"எங்க அப்பா பேரு தம்புசாமி" என்றாள் மைக்கில், ஆங்கிலத்தில். "அவர் சாகவில்லை. மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டார். அவர் செத்துவிட்டதாக மிஸ்டர் லியோங்குக்கு மெசேஜ் போட்டது என் அண்ணன் யுகேந்திரன். நான் இங்கே வந்து பாடுவது அவனுக்கு வெட்கம். நீங்கள் நேற்று எழுந்து நின்றதற்கு எங்கள் குடும்பம் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவன் வரவில்லை. அதனால் நான் கேட்கிறேன்."

ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். "இதெல்லாம் வீட்டு விஷயம், இங்க ஏன் லா" என்று ஒரு தமிழர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டது. கட்டிக்கொண்ட பெண்மணி மட்டும் தலையை ஆட்டினார். லியோங் கையைக் கட்டியபடியே இருந்தார்.

கதவோரத்து மேசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து மேடையை நோக்கி வந்தாள். அவள் முன்னால் இருந்த ஆரஞ்சு ஜூஸ் தொடப்படவே இல்லை. அண்ணனின் கைப்பேசியில் எத்தனையோ முறை பார்த்த முகம். கௌசலா.

"மத்தியானம் பேஜ்ல பார்த்தேன்" என்றாள் கௌசலா, மேடையருகே நின்று, தணிந்த குரலில். "உங்க அப்பா இறந்துட்டாருன்னு போட்டிருந்தாங்க. அதே நேரம் எங்கம்மா உங்க வீட்டுக்கு வர்றதுக்குச் சேலை கட்டிட்டு இருக்காங்க. யுகேன் போனையே எடுக்கல. எது உண்மைன்னு தெரியாம அம்மாகிட்ட என்ன சொல்றது? அதான் இங்க வந்துட்டேன்."

"நான் இங்க பாடுறது உங்களுக்கு..."

"எப்பவோ தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பின்னால உட்கார்ந்து கேட்டுட்டுப் போனேன். அம்மா அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. யுகேன்கிட்டதான் நானா சொல்லல, அவரா சொல்லட்டும்னு பார்த்தேன்."

ஷாமினி கிட்டார்க் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தினாள். அப்படியென்றால் எதற்கு? யாரிடமிருந்து மறைக்க அப்பாவைக் கொன்றான்? மறைக்க ஆளே இல்லாத ஒரு விஷயத்துக்காகவா இவ்வளவும்?

"அந்த மெசேஜ்ல என்ன எழுதியிருந்தாரு?" என்றாள் கௌசலா. அவள் கண் கலங்கவில்லை, குரல் மட்டும் இப்போது கவுன்டர் வரை கேட்டது. "எனக்கு அதைப் பார்க்கணும். எனக்கு அனுப்பச் சொல்லுங்க. இப்பவே."

மேசைகளில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாமினி லியோங்கைப் பார்த்தாள். அவர் கை கைப்பேசி இருந்த சட்டைப்பைக்குப் போனது.

மத்தியானத்திலிருந்து அண்ணனின் கல்யாணத்துக்காக அவள் வாயை மூடினாள், தேநீர் ஊற்றினாள், திட்டு வாங்கினாள். இப்போது அதை முறிக்கவும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"அனுப்பச் சொல்றேன்" என்றாள் ஷாமினி. "ஆனா இப்ப இல்ல. இது என்னோட நேரம், கௌசலா. நான் பாடி முடிச்சுடறேன். நீங்க போய் உட்காருங்க."

கௌசலா லியோங்கை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஷாமினி பெடலை மிதித்தாள்.